எங்கள் கல்லூரித் தளமே போலிச் சான்றிதழுக்குச் "செல்லத்தக்கது" என்று சொல்லிவிட்டது. என்ன செய்வது?

வைகைக்கரை | திங்கள், இரவு 9.40

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் யோசனை சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சென்னையில் ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலை பிடிஎஃப்பாக இணைத்திருந்தார்கள். "உங்கள் தளத்தில் கியூஆர் ஸ்கேன் செய்து பார்த்தோம், செல்லத்தக்கது என்று வந்தது. இருந்தாலும் நடைமுறைப்படி ஒரு உண்மைத்தன்மைக் கடிதம் வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள். தினமும் வரும் வேலைதான். பதிவு எண்ணை அடித்தேன். திரையில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது.

தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தேன். அதே பெண். 2021-இல் பி.காம். முடித்தவர், முதல் வகுப்பு. பிடிஎஃப்பில் இருந்ததோ ஒரு பையனின் பெயர், ஒரு பையனின் படம். படிப்பு, வருடம், பதிவு எண் மூன்றும் அந்தப் பெண்ணுடையவை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து முன்னும் பின்னுமாக 3 வருடத்துக்குப் புரட்டினேன். அந்தப் பையன் எங்கள் கல்லூரியில் சேரவே இல்லை.

அப்படியானால் தளம் எப்படிச் சரி என்றது? நாங்கள் கியூஆர் போடத் தொடங்கியபோது, மாணவர் விவரம் கண்டவர் கையில் போகக் கூடாது என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தோம். ஸ்கேன் செய்தால் பதிவு எண்ணும், பச்சை எழுத்தில் "செல்லத்தக்கது" என்ற ஒரு சொல்லும் மட்டும் வரும். பெயர் வராது, மதிப்பெண் வராது, படமும் வராது. அந்தக் கூட்டத்தில் நானும் தலையாட்டினேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். போலி தயாரித்தவன் ஒரு உண்மையான பட்டியலின் கியூஆரை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, சுற்றியிருந்த எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். எங்கள் தளம் அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. இதற்கு முன் எத்தனை பேர் கடிதம் கேட்காமல் அந்தப் பச்சை எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்களோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணை நினைத்தால் அதைவிடக் கவலை. அவருடைய எண் இப்போது ஒரு மோசடிக் கோப்பில் இருக்கிறது.

முதல்வர் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குறிப்பு கேட்டிருக்கிறார். என்ன எழுதலாம்?

கோவைக்காரி | திங்கள், இரவு 10.25

சார், நான் பிஜிவி வேலையில் 6 வருடமாக இருக்கிறேன். ஒரு ஆள் சொன்ன படிப்பு, பழைய வேலை, முகவரி எல்லாம் உண்மையா என்று நிறுவனங்களுக்காகப் பார்த்துச் சொல்லும் வேலை. நீங்கள் சொன்ன மாதிரியான கோப்பு எனக்குப் புதிது இல்லை.

நான் முதலில் பார்ப்பது கியூஆரை இல்லை, கணக்கை. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் கிரேடு புள்ளியையும் பெருக்கிக் கூட்டி வகுத்தால், கீழே போட்டிருக்கும் சிஜிபிஏ, அதாவது மொத்தச் சராசரிப் புள்ளி, வர வேண்டும். திருத்துபவர்கள் இரண்டு பாடத்தின் கிரேடை ஏற்றிவிட்டுக் கீழே உள்ள எண்ணை மறந்துவிடுவார்கள், அல்லது கீழே ஏற்றிவிட்டு மேலே மறந்துவிடுவார்கள். அடுத்தது பாடக் குறியீடு. பாடத்திட்டம் மாறும்போது குறியீடும் மாறும். 2018-இல் சேர்ந்த ஆளின் பட்டியலில் பழைய பாடத்திட்டத்தின் குறியீடு இருந்தால், வேறு யாருடைய பட்டியலையோ எடுத்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் எழுத்தில் எழுதிய மதிப்பெண்ணும் இலக்கத்தில் எழுதியதும் ஒன்றா என்று பார்ப்பேன்.

ஆனால் இதெல்லாம் அவசரக்காரர்களைப் பிடிக்கத்தான் உதவும். நிதானமாகச் செய்பவன் கணக்கையும் சரியாகப் போட்டுவிடுவான். அதனால் எங்களுக்கு ஒரே கட்டுப்பாடு: சான்றிதழில் அச்சிட்ட தொலைபேசி எண், மின்னஞ்சல், இணைய முகவரி எதையும் பயன்படுத்தக் கூடாது. கல்லூரியின் தொடர்பை நாங்களாகவே வேறு வழியில் தேடி எடுக்க வேண்டும். ஒருமுறை ஒரு கியூஆரைத் தொட்டேன். திறந்த தளம் அந்தக் கல்லூரியின் தளத்தைப் போலவே இருந்தது. முத்திரை, முதல்வர் படம், அறிவிப்புப் பலகை எல்லாம் இருந்தன. முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். அங்கிருந்த எண்ணுக்குப் போன் செய்தால் ஒருவர் எடுத்து, "ஆமாம்மா, எங்க ஸ்டூடண்ட்தான், நல்ல பையன்" என்றார். உண்மையான கல்லூரிக்குப் போன் செய்த பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு மாணவரே இல்லை.

மூலநிரல் | செவ்வாய், காலை 7.05

@வைகைக்கரை அண்ணா, உங்கள் கியூஆர் "இந்த எண் இருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. கேட்டவர் நினைத்ததோ "இந்தத் தாள் உண்மையா?" என்று. இரண்டும் வேறு கேள்விகள்.

பட்டியலை டிஜிட்டல் கையொப்பம் போட்ட பிடிஎஃப்பாக மாணவருக்குக் கொடுக்கிறீர்களா? கொடுத்தால், ஒரு புள்ளியை மாற்றினாலும் கையொப்பம் உடைந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே அதற்குச் சட்ட மதிப்பு கொடுக்கிறது. ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நடைமுறையில் நான் பார்த்த ஓட்டைகளைச் சொல்கிறேன்.

நம் ஊர் அரசு பிடிஎஃப் ஒன்றைக் கணினியில் திறந்தால் பல நேரம் மஞ்சள் கேள்விக்குறி வரும். கையொப்பம் யாருடையது என்று சொல்லும் டிஜிட்டல் சான்றுகளுக்கெல்லாம் மேலே இருப்பது வேர்ச் சான்று. இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் வேர்ச் சான்றை அந்த மென்பொருள் இன்னும் நம்பவில்லை என்பதுதான் காரணம். எல்லோரும் என்ன செய்யப் பழகியிருக்கிறோம்? வலது பக்க பட்டனை அழுத்தி, "இந்தச் சான்றை நம்பு" என்று கொடுத்து, பச்சை டிக் வரவைக்கிறோம். போலி செய்பவன் தானே உருவாக்கிய ஒரு சான்றில், கல்லூரியின் பெயரையே போட்டுக் கையொப்பமிட்டு அனுப்பினாலும் அதே கேள்விக்குறிதான் வரும். அதே பழக்கத்தில் அதையும் பச்சையாக்கிவிடுவோம். யார் அந்தச் சான்றை வழங்கியது என்று சங்கிலியின் மேல் நுனிவரை பார்ப்பவர் எத்தனை பேர்?

அப்புறம் மென்பொருளே ஏமாறுவது. ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டது இது: கையொப்பமிட்ட பிடிஎஃப்பின் உள்ளடக்கத்தை மாற்றிய பிறகும், சோதித்த 22 கணினி மென்பொருள்களில் 21 "கையொப்பம் சரி" என்று காட்டின. அந்த ஓட்டைகளை அடைக்கப் புதுப் பதிப்புகள் வந்தன. ஆனால் அலுவலகக் கணினிகளில் யார் புதுப்பிக்கிறார்கள்?

இன்னொன்று, பிடிஎஃப்பை அச்செடுத்தாலோ வாட்சப்பில் படமாக அனுப்பினாலோ கையொப்பம் செத்துவிடும். காகிதத்தில் அச்சான பச்சை டிக் வெறும் மைதான்.

செங்காந்தள் | செவ்வாய், காலை 8.50

நான் மாணவர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். 2022-இல் பட்டம் முடித்தேன். வேலையும் கிடைத்தது. பிஜிவிக்காக என் கல்லூரிக்கு மூன்று முறை மின்னஞ்சல் போனது, 5 வாரம் பதில் இல்லை. நிறுவனத்தில் "வெரிஃபிகேஷன் முடியும்வரை நிறுத்தி வைக்கிறோம்" என்றார்கள். அம்மாவும் நானும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனோம். அலுவலகத்தில் ஒருவர், "உன் சான்றிதழ் உண்மையென்றால் ஏன் பயப்படுகிறாய்?" என்று கேட்டார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தப்பு செய்தவளைப் போல அந்த கவுன்டரில் மாலைவரை நின்றேன்.

அதனால் என் வேண்டுகோள் ஒன்று. எத்தனை நாளில் பதில் சொல்வீர்கள் என்று உங்கள் தளத்தில் எழுதிப் போடுங்கள் சார், அந்த நாளுக்குள் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்தால் பெயர், படம், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் வரட்டும் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். என் பட்டியலை ஜெராக்ஸ் கடையில் எத்தனை முறை கொடுத்திருப்பேன்! யாரோ ஒருவர் தன் போனை எடுத்து ஸ்கேன் செய்து என் படத்தையும் பிறந்த தேதியையும் பார்ப்பதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. உங்கள் கூட்டத்தில் எடுத்த முடிவின் நோக்கம் தப்பில்லை.

மூலநிரல் | செவ்வாய், காலை 9.30

@செங்காந்தள் சொன்னது முக்கியம், நான் அதைச் சொல்லாமல் விட்டது தப்பு.

வழி இருக்கிறது. தளம் எதையும் காட்ட வேண்டாம். கேட்பவர் தன் கையிலுள்ள தாளில் இருப்பதை அடிக்கட்டும்: பதிவு எண், பட்டியலின் வரிசை எண், பிறந்த தேதி, சிஜிபிஏ. நான்கும் பொருந்தினால் "பொருந்துகிறது", ஒன்று மாறினாலும் "பொருந்தவில்லை, அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்". எது மாறியது என்று சொல்லக் கூடாது, சொன்னால் ஒவ்வொன்றாக ஊகித்து ஏறிவிடுவார்கள். ஒரு பதிவு எண்ணுக்கு ஒரு நாளில் 5 முயற்சி, அதோடு பூட்டு. இதற்குப் புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. உங்கள் தளத்தைச் செய்தவர் இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

இன்னொரு வழி, மாணவரே சாவியைக் கொடுப்பது. சீனாவில் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள தளத்தில் மாணவர் தானே ஒரு சரிபார்ப்பு அறிக்கை எடுத்து, அதன் குறியீட்டை மட்டும் நிறுவனத்துக்குக் கொடுக்கிறார். குறிப்பிட்ட காலம் முடிந்தால் குறியீடு செல்லாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு மைஈக்வல்ஸ் என்று ஒரு பொதுத் தளம் இருக்கிறது, அங்கேயும் மாணவர் பகிரும் இணைப்புதான். தன் விவரம் யாரிடம் போகிறது என்பது மாணவர் கையில் இருக்கும்.

கோவைக்காரி | செவ்வாய், மதியம் 1.15

நம்மிடமும் இருக்கிறதே. கல்விச் சான்றிதழ்களுக்கான இணையக் களஞ்சியமான நேஷனல் அகாடமிக் டெபாசிட்டரி 2017-இல் தொடங்கியது. முதலில் இரண்டு பங்குக் களஞ்சிய நிறுவனங்களின் துணை அமைப்புகள் நடத்தின, 2020-க்குப் பிறகு டிஜிலாக்கர் வழியாக வருகிறது. கல்லூரி நேரடியாக ஏற்றிய சான்றிதழ் அங்கே இருந்தால் எனக்கு வேலையே இல்லை. விதிப்படி அது மூலச் சான்றிதழுக்குச் சமம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. டிஜிலாக்கரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. "வழங்கப்பட்ட ஆவணங்கள்" என்பது வழங்கிய அமைப்பிடமிருந்து வருவது. இன்னொன்று நாமே ஸ்கேன் செய்து ஏற்றி வைத்துக்கொள்ளும் இடம். அதில் யாரும் எதையும் ஏற்றலாம். நேர்காணலில் போனைத் திறந்து, "இதோ டிஜிலாக்கரில் இருக்கிறது சார்" என்று காட்டுபவர் எந்த இடத்தைக் காட்டுகிறார் என்று பல எச்ஆர்களுக்குத் தெரிவதில்லை. போனில் காட்டுவதை ஏற்காமல் வழங்கப்பட்ட ஆவணத்தை எடுத்து, அதிலுள்ள கியூஆரைத் தங்கள் டிஜிலாக்கர் செயலியில் ஸ்கேன் செய்து பார்ப்பதுதான் சரி.

பழைய_பேனா | செவ்வாய், இரவு 8.10

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஒரு பெரிய குறை தோன்றுகிறது. நீங்கள் எல்லோரும் இலையைப் பார்க்கிறீர்கள், வேரை யாரும் பார்க்கவில்லை.

பிடிஎஃப், கியூஆர், டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் பதிவேட்டில் இருப்பது உண்மை என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. பதிவேட்டையே மாற்றிவிட்டால்? அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டு விவகாரம் நினைவிருக்கும். 2017 ஏப்ரல்-மே தேர்வில் 3,02,380 பேர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார்கள், 73,733 பேர் தேர்ச்சி பெற்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை 2018-இல் வழக்குப் பதிந்தது. நான் அந்த வழக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. குற்றச்சாட்டு எப்படிப்பட்டது என்று மட்டும் பாருங்கள். உள்ளேயே மதிப்பெண் கூடிவிட்டால் எவனும் பிடிஎஃப்பைத் திருத்த வேண்டியதில்லை. அசல் முத்திரை, அசல் கையொப்பத்தோடு பொய் வெளியே வரும். மறுமதிப்பீடு, மறுகூட்டல், விடுபட்ட மதிப்பெண் சேர்ப்பு, பெயர்த் திருத்தம் என்று சட்டப்படியே திறந்து மூடும் கதவுகள் இருக்கின்றன. திருடன் வருவதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய மதிப்பெண் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். தினக்கூலிக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நீள அட்டைப் பதிவேடு, பக்கத்துக்கு 50 வரி. ஒரு பெண் என்னிடம் வந்து, "சார், இந்தப் பக்கத்தில் கீழே 'தேறியவர் 46' என்று போட்டிருக்கிறது, நான் அடித்தது 49 வருகிறது" என்றாள். மறுபடி எண்ணச் சொன்னேன். 49-தான். பதிவேட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். கடைசி 3 வரியின் மை கொஞ்சம் நீலம் கூடியிருந்தது. மற்ற வரிகளில் பேனா அழுத்திய தடம் அடுத்த தாளில் பதிந்திருந்தது. இந்த 3 வரிக்குத் தடம் இல்லை, வேறு பேனா. பழைய காலத்தில் பக்கத்தை முடிக்கும்போது மிச்ச வரிகளைக் குறுக்குக்கோடு போட்டு அடைப்போம். அந்தப் பக்கத்தில் யாரோ அடைக்க மறந்திருக்கிறார்கள். கணினிக்குப் போகும் வேலை தொடங்கியதும் எவனோ இடைச்செருகல் செய்துவிட்டான். அந்தப் பெண் எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த 3 பேரும் பட்டதாரிகளாகியிருப்பார்கள். கணினிப் பதிவுக்கு மையின் நிறமும் கிடையாது, பேனாத் தடமும் கிடையாது.

அதனால் வைகைக்கரை தம்பி, உங்கள் குறிப்பில் இதையும் எழுதுங்கள். முடிவு வெளியான பிறகு ஒரு மதிப்பெண்ணை மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் மாற்றவும் இன்னொருவர் ஒப்புதல் தரவும் வேண்டும். காரணமும் கோப்பு எண்ணும் போடாமல் மென்பொருள் ஏற்கக் கூடாது. பழைய மதிப்பெண் அழியாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து மாற்றினார் என்ற பதிவை, மாற்றும் அதிகாரம் உள்ள ஆளே அழிக்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

மூலநிரல் | செவ்வாய், இரவு 9.20

ஐயா, இதை உங்களைப் போன்றவர்கள் சொன்னால்தான் ஏறும். ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், பேராசிரியர்கள் பயன்படுத்தும் கணினிகளில் தட்டச்சைப் பதிவுசெய்யும் சிறு கருவியைச் செருகி கடவுச்சொற்களைத் திருடினார். 2015, 2016-இல் 90 தடவைக்கு மேல் மதிப்பெண்களை மாற்றினார், தனக்கும் சில நண்பர்களுக்கும். எந்த மென்பொருளும் அதைப் பிடிக்கவில்லை. தான் போடாத மதிப்பெண் ஒன்று மாறியிருப்பதை ஒரு ஆசிரியர் கவனித்ததால்தான் வெளிவந்தது. பர்டூ பல்கலைக்கழகத்திலும் இதே மாதிரி, விசைப்பலகையையே மாற்றி வைத்து நடந்தது.

ஆகவே மதிப்பெண் மாறினால், முதலில் போட்ட ஆசிரியரின் போனுக்கு உடனே ஒரு குறுஞ்செய்தி போகட்டும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு, பதிவு எண்ணை மறைத்துப் போடும் டம்மி எண்தான் தெரியும் என்பதால் வெளித்தேர்வுக்கு இது அப்படியே பொருந்தாது. அகமதிப்பீட்டுக்கு நிச்சயம் பொருந்தும். வெளித்தேர்வுக்கு, டம்மி எண்ணோடு ஆசிரியர் கையெழுத்திட்ட மதிப்பெண் தாளின் ஸ்கேன் பிரதி வேறொரு அறையில், வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். கணினியில் இருப்பதை மாதம் ஒருமுறை அதோடு சிலவற்றையாவது ஒப்பிட வேண்டும்.

புதுயுகன் | புதன், காலை 6.45

இதற்கெல்லாம் பிளாக்செயின்தான் தீர்வு என்பது என் கருத்து. ஒரே பதிவேட்டின் பிரதி பல கணினிகளில் இருக்கும் முறை அது. சைப்ரஸின் நிகோசியா பல்கலைக்கழகம் 2014-லேயே செய்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2017-இல் 111 பட்டதாரிகளுக்கு இந்த வகையில் டிஜிட்டல் பட்டம் கொடுத்தது. ஒருமுறை ஏறினால் யாரும் மாற்ற முடியாது. நாம் ஏன் தயங்குகிறோம்?

பழைய_பேனா | புதன், காலை 7.30

தம்பி, என் 3 வரியும் அதில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொய்யையும் யாராலும் மாற்ற முடியாது, அல்லவா?

மூலநிரல் | புதன், காலை 8.15

@புதுயுகன் வழங்கிய பிறகு யாரும் திருத்தவில்லை என்று நிரூபிக்க அது நல்ல கருவிதான். கல்லூரியே மூடிவிட்டால்கூடச் சரிபார்க்கலாம் என்பது உண்மையான நன்மை. ஆனால் உள்ளே போவது உண்மையா என்று அது கேட்காது. தவறாக வழங்கிய சான்றைத் திரும்பப் பெறவும் தனி ஏற்பாடு வேண்டும்.

ஐயா சொன்ன உள்வேலையைத் தடுக்க அதிலிருந்து ஒரு சின்ன பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முடிவு வெளியாகும் அன்றே மொத்த மதிப்பெண் அட்டவணையின் ஹாஷை எடுங்கள். அது 64 எழுத்துள்ள ஒரு விரல்ரேகை மாதிரி. உள்ளே ஒரு இலக்கம் மாறினாலும் ரேகை முழுவதும் மாறிவிடும். அந்த 64 எழுத்தை ஆட்சிமன்றக் குழு நிகழ்ச்சிக்குறிப்பில் அச்சிட்டுக் கையெழுத்து வாங்குங்கள், அன்றைய அட்டவணையின் பிரதியை உறையிட்டு வையுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கடிதமாக அனுப்புங்கள். அதற்கப்புறம் வரும் முறையான திருத்தங்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். பழைய பிரதி, திருத்தப் பட்டியல் இரண்டையும் சேர்த்தால் இன்றைய அட்டவணை வர வேண்டும். வராவிட்டால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். செலவு ஒரு தபால் தலை.

பனிநாட்டான் | புதன், மாலை 6.00

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே வந்து கல்வித் தகுதியை மதிப்பிடக் கொடுத்தபோது, நான் கையில் கொண்டுவந்த பட்டத்தைப் பார்த்து மட்டும் முடிவு சொல்லவில்லை. பெறுபேறுகளைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்றார்கள். அப்போது அலைச்சலாக இருந்தது. இப்போது நியாயம் புரிகிறது. என் கையைத் தாண்டி வரும் எதையும் நான் மாற்றியிருக்கலாம் அல்லவா.

2023-இல் இந்திய மாணவர்கள் பலர் போலி அனுமதிக் கடிதத்தில் கனடா வந்தது பெரிய செய்தியாகியது. வருடக்கணக்காக இங்கே படித்து, வேலை செய்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்கும் தங்கள் கடிதம் போலி என்றே தெரியவந்தது. ஏஜெண்டு ஏமாற்றிவிட்டான் என்றார்கள். அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு கடிதத்தையும் அந்தக் கல்லூரி இணையவழி உறுதி செய்தால்தான் விசா விண்ணப்பத்தைப் பார்ப்போம் என்று குடிவரவுத் துறை மாற்றிவிட்டது. அடுத்த வருடமே 10,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் சந்தேகத்துக்குரியவை என்று பிடிபட்டன.

வைகைக்கரை அண்ணை, அந்தப் பையனையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கோ. யாரோ காசு வாங்கிக்கொண்டு "தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கித் தருகிறேன்" என்று இதைக் கொடுத்திருக்கவும் கூடும்.

கோவைக்காரி | புதன், மாலை 6.40

அது சரிதான். ஆனால் எல்லோரையும் அப்பாவி என்றும் சொல்ல முடியாது அண்ணா. ஒரு நாள்கூட வகுப்பில் உட்காராமல், ஒரு தேர்வும் எழுதாமல், பி.காம். முதல் வகுப்பு கையில் வந்தால் சந்தேகம் வர வேண்டாமா? அந்த இடத்துக்கு நேர்மையாக 3 வருடம் படித்த ஒருவர் காத்துக்கொண்டிருந்திருப்பார்.

கருப்புக்கோட்டு | புதன், இரவு 9.00

வழக்கறிஞர் என்ற முறையில் சில வார்த்தைகள். அவன் அப்பாவியா இல்லையா என்பதை விசாரணை சொல்லட்டும். "போலி என்று தெரிந்தே பயன்படுத்தினான்" என்பது நிரூபிக்க வேண்டிய விஷயம். பொய் ஆவணம் என்பதில் மின்னணுப் பதிவும் சேரும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அப்படித்தான் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 336, 340 பிரிவுகளிலும் அப்படித்தான்.

வைகைக்கரை சார் உடனே செய்ய வேண்டியது: வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள், வேறு யாருக்கும் ஃபார்வர்டு செய்து அதை மட்டும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். மூல மின்னஞ்சல் அப்படியே இருக்கட்டும். பிடிஎஃப்பைத் திறந்து வேறு பெயரில் சேமிக்காதீர்கள். உங்கள் தளத்தில் அந்தப் பதிவு எண் எப்போதெல்லாம் ஸ்கேன் ஆனது என்ற பதிவு சர்வரில் இருக்கும். பல இடங்களில் சில வாரத்தில் அது தானாக அழிந்துவிடும், இன்றே பிரதி எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் கொடுக்க அதற்குச் சான்று வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. கல்லூரியின் பெயரில் எழுத்துப்பூர்வமாக சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். வாய்மொழியாகப் பேசி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

வைகைக்கரை | வியாழன், இரவு 10.10

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வர் பதிவை எடுத்துப் பார்த்தோம். அந்தப் பெண்ணின் எண் 4 மாதத்தில் 11 முறை ஸ்கேன் ஆகியிருக்கிறது. அவரிடம் போனில் கேட்டேன். அவர் விண்ணப்பித்தது ஒரே ஒரு இடத்தில். மீதி யார் என்று தெரியவில்லை, காவல்துறைக்குப் பட்டியலைக் கொடுத்துவிட்டோம்.

குறிப்பு தயார். பழைய_பேனா ஐயா சொன்ன இருவர் ஒப்புதலை முதல் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை | 5 வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.30

இழையைப் படித்தவர்களுக்கு ஒரு தகவல். பச்சை எழுத்துப் பக்கத்தை எடுத்துவிட்டோம். புதுப் பக்கத்தில் கேட்பவர் விவரத்தை அடித்தால் பொருந்துகிறதா என்று மட்டும் வரும். முதலில் பெயரையும் அடிக்கச் சொல்லியிருந்தோம். முதல் வாரமே 6 உண்மையான மாணவர்களுக்குப் "பொருந்தவில்லை" என்று வந்துவிட்டது. எல்லாம் இனிஷியல் பிரச்சினை. எங்கள் பதிவில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்துப் பின்னால். நிறுவனத்தார் பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். @மூலநிரல் முதலில் சொன்ன நான்கையே வைத்துக்கொண்டு, அவை பொருந்திய பிறகு மட்டும் பெயரைக் காட்டுகிறோம். 5 முயற்சிப் பூட்டும் இருக்கிறது.

@செங்காந்தள், உண்மைத்தன்மைக் கடிதம் 7 வேலை நாளில் என்று தளத்தில் போட்டுவிட்டோம். இதுவரை ஒன்று மட்டும் 9 நாள் ஆனது, அந்த மாணவருக்கு நானே போன் செய்து காரணம் சொன்னேன். 2015-க்குப் பிந்தைய பட்டியல்களை டிஜிலாக்கரில் ஏற்றும் வேலையும் நடக்கிறது. ஏற்றும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் தேறியவர் எண்ணிக்கையை எண்ண ஒரு ஆளைத் தனியாகப் போட்டிருக்கிறோம். ஹாஷை நிகழ்ச்சிக்குறிப்பில் போடும் யோசனைக்கு மட்டும் இன்னும் ஒப்புதல் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி வைப்பேன்.

அந்தப் பெண் நேற்று அலுவலகத்துக்கு வந்தார். திருநெல்வேலியிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தார். இந்தப் பதிவு எண் தன்னுடையது, வேறு யாருக்கும் வழங்கப்படவில்லை என்று கல்லூரி முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டுமென்று கேட்டார். அவருடைய மூலப் பட்டியலை வாங்கிப் பதிவேட்டோடு வரி வரியாக ஒப்பிட்டேன். 42 பாடம், எல்லாம் சரியாக இருந்தது. புதுப் பட்டியல் ஒன்றைப் புது வரிசை எண்ணில் அடித்துக் கொடுத்து, பழைய வரிசை எண்ணைத் தளத்தில் ரத்து செய்தோம். "இனிமேல் யாராவது அந்தப் பழையதைக் காட்டினால்?" என்று கேட்டார். அவர் போனிலேயே பழைய எண்ணை அடித்துக் காட்டினேன். "பொருந்தவில்லை, அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்று வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.